ஓட்டுநர் உரிமம் மாற்றப் போனால் வாக்காளர் பட்டியலில் தானாகவே பெயர் ஏறிவிடுமா?

கேள்வி

வணக்கம். நாங்கள் பென்சில்வேனியாவிலிருந்து கொலராடோவுக்கு அண்மையில் குடிபெயர்ந்திருக்கிறோம். இங்கே குடியேறியவர்கள் 30 நாட்களுக்குள் இந்த மாநிலத்தின் ஓட்டுநர் உரிமத்தைப் பெற்றுவிட வேண்டும் என்பதால், வீட்டில் மூவரும் டி.எம்.வி. எனப்படும் மோட்டார் வாகனத் துறை அலுவலகத்தில் நேரம் குறித்து வைத்திருக்கிறோம். எங்கள் மூவரின் நிலையும் வெவ்வேறானது. என் கணவர் சென்ற ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். நான் இன்னும் கிரீன் கார்டில்தான் (நிரந்தரமாகத் தங்கும் உரிமையில்) இருக்கிறேன்; அடுத்த ஆண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி வரும். எங்கள் மகள் இந்நாட்டிலேயே பிறந்தவள். அவளுக்கு 17 வயது.

இம்மாநிலத்தில் உரிமம் பெறும்போதே வாக்காளர் பதிவும் தானாக நடந்துவிடும் என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். என் கணவருக்கு அது வசதிதான். ஆனால் எனக்கு அதுவே அச்சமாக இருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஓரிகன் மாநிலத்தில் குடியுரிமை இல்லாதவர்கள் பலருடைய பெயர்கள் இப்படித் தவறுதலாகப் பட்டியலில் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது பலருக்கு நினைவிருக்கும். வேறொரு மாநிலத்தில் வசிக்கும் என் தோழி ஒருத்தி, கிரீன் கார்டைக் கையில் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருக்கும்போதே, கவுன்டரில் இருந்த அலுவலர் வழக்கமான குரலில் "வாக்காளராகவும் பதிவு செய்துவிடலாமா?" என்று கேட்டாராம். அவள் விவரம் தெரிந்தவள் என்பதால் மறுத்துவிட்டாள். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்கள், அரசு அலுவலர் கேட்கிறார் என்ற மரியாதையில், எல்லாவற்றுக்கும் தலையாட்டி விடுவார்களே என்று அன்றிலிருந்து எனக்குக் கவலை.

நான் அறிய விரும்புபவை இவை. என் கணவரின் பெயர் உண்மையிலேயே தானாகச் சேருமா, அல்லது அவர் தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா? நான் கிரீன் கார்டைக் காட்டி உரிமம் பெற்றால் என் பெயர் எந்த வகையிலாவது அந்தப் பட்டியலுக்குள் போய்விட வாய்ப்புண்டா? அப்படிப் போய்விட்டால், நானாக எதுவும் செய்யாத நிலையிலும், அடுத்த ஆண்டு என் குடியுரிமை விண்ணப்பம் பாதிக்கப்படுமா? மகளுக்கு 18 வயது நிறைவடையும் வரை காத்திருக்க வேண்டுமா? அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம் அம்மா. நான் வேறொரு மாநிலத்தில், ஒரு கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின்) தேர்தல் அலுவலகத்தில், வாக்காளர் பதிவேடுகளைச் சரிபார்க்கும் பிரிவில் பணியாற்றுகிறேன். டி.எம்.வி.யிலிருந்து வரும் பதிவுகளைப் பார்ப்பதே என் அன்றாட வேலை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

"தானியங்கிப் பதிவு" என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் நடைமுறையில் உள்ளன. உங்கள் கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

1993ஆம் ஆண்டு தேசிய வாக்காளர் பதிவுச் சட்டத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். ஓட்டுநர் உரிமத்துக்கு வருபவர்களிடம் வாக்காளர் பதிவுக்கான வாய்ப்பையும் அளிக்க வேண்டும் என்று அச்சட்டம் மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது. "மோட்டார் வோட்டர்" என்று மக்கள் குறிப்பிடுவது அதைத்தான். வடக்கு டகோட்டா, விஸ்கான்சின், மினசோட்டா உள்ளிட்ட ஆறு மாநிலங்களுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு உண்டு. வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்பதே கிடையாது. "மோட்டார் வோட்டர்" என்ற அந்தப் பழைய முறையில் வாய்ப்பு அளிக்கப்படும். வேண்டும் என்பவர் கேட்டுப் பெற வேண்டும். 2015இல் ஓரிகன் இதைத் தலைகீழாக்கியது. தகுதியுள்ளவர் பதிவாவதே இயல்பு நிலை, வேண்டாம் என்பவர் சொல்லி விலகலாம் என்று அங்கே சட்டம் இயற்றப்பட்டு, 2016 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு கலிபோர்னியா, வெர்மான்ட், இல்லினாய், நியூ ஜெர்சி எனப் பல மாநிலங்கள் அவ்வழியில் சென்றன. மிச்சிகனிலும் நெவாடாவிலும் 2018இல் மக்களே வாக்களித்து இதைக் கொண்டுவந்தார்கள். இன்று ஏறத்தாழ பாதி மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கிறது.

அந்த வடிவம்தான் முக்கியம். முதல் வகையில், கவுன்டரிலேயே, உரிமத்துக்கான நடைமுறையின் நடுவிலேயே, திரையிலோ வாய்மொழியாகவோ கேட்பார்கள்: நீங்கள் குடிமகனா, பதிவு வேண்டாம் என்கிறீர்களா என்று. நீங்கள் விட்டு வந்த பென்சில்வேனியா இவ்வகையைச் சேர்ந்தது. 2023 செப்டம்பரில் ஆளுநர் ஜோஷ் ஷபிரோ அறிவித்த மாற்றத்தின்படி, தகுதியுள்ளவர் மறுத்தாலன்றிப் பதிவுக்கான திரைகள் தாமாகவே வந்துவிடும். இரண்டாவது வகையில் கவுன்டரில் யாரும் எதுவும் கேட்பதில்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ் போன்ற ஆவணத்தைக் காட்டியவரின் விவரம் மட்டும் தேர்தல் துறைக்குப் போகும். பிறகு வீட்டுக்கு ஓர் அறிவிப்பு அஞ்சலில் வரும். வேண்டாம் என்பவர் குறித்த நாட்களுக்குள் அதை நிரப்பித் திருப்பி அனுப்பலாம். ஓரிகன் தொடக்கத்திலிருந்தே இவ்வகை. கொலராடோ 2017இல் முதல் வகையில் தொடங்கி, 2019இல் இயற்றிய சட்டத்தின் வழியே இரண்டாம் வகைக்கு மாறிக்கொண்டது. அங்கே மறுப்பதற்கு 20 நாட்கள் உண்டு.

குடியேறிகளுக்கு இரண்டாம் வகையே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. கேள்வியே கேட்கப்படாத இடத்தில் தவறான பதில் சொல்ல வழியில்லை. ஆங்கிலம் சரியாகப் பிடிபடாத ஒருவர் "ஆம்" என்ற பொத்தானை அழுத்திவிட்டு, அதனால் வாழ்நாள் முழுவதும் துன்பப்படும் நிலை அங்கே எழுவதில்லை. நீங்கள் கிரீன் கார்டைக் காட்டினால் உங்கள் பதிவில் "குடிமகன் அல்லாதவர்" என்பதற்கான ஆவணக் குறியீடு ஏறும். அந்தக் குறியீடு உள்ள பதிவு தேர்தல் துறைக்குச் செல்லும் கோப்பில் இடம்பெறாது.

அப்படியானால் ஓரிகனில் நடந்தது என்ன? 2021 முதல் அம்மாநிலம் சட்டப்படியான தங்கும் உரிமைக்குச் சான்று கேட்காமலேயே உரிமம் வழங்கி வருகிறது. ஆகவே வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டி உரிமம் பெறுவோர் பெருகினர். அலுவலர் தம் திரையில் ஆவண வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்பதற்குப் பதிலாக அமெரிக்கக் கடவுச்சீட்டு என்பதைச் சிலருக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார். அந்த ஒரே சொடுக்கில் விண்ணப்பதாரர் குடிமகனாகக் கணக்கிடப்பட்டு, மற்றதெல்லாம் தானாகவே நடந்தேறியது. இவ்வாறு 1,200க்கும் மேற்பட்டோர் பதிவாகியிருந்தது 2024 இலையுதிர் காலத்தில் தெரியவந்தது. அவர்களில் மிகச் சிலர் மட்டுமே வாக்களித்திருந்தார்கள். ஆளுநர் டினா கோடெக் அந்த ஏற்பாட்டையே தற்காலிகமாக நிறுத்திவைக்க உத்தரவிட்டார். கலிபோர்னியாவில் 2018இல் நடந்தது வேறு விதம்: ஒரே நேரத்தில் இரண்டு விண்ணப்பதாரர்களின் திரைகளைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ததால் ஒருவருடைய விவரம் மற்றொருவருடையதோடு கலந்து, ஏறத்தாழ 23,000 பதிவுகள் பிழையாகச் சென்றன.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன், அலுவலர் சரிபார்க்கச் சொல்லித் தரும் சுருக்கத் தாளையோ திரையையோ நிதானமாகப் படியுங்கள். பெயரும் முகவரியும் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவதே பலரின் வழக்கம். எந்த ஆவணத்தைக் காட்டியதாகப் பதிவாகியிருக்கிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

உங்கள் கணவரைப் பற்றி: அவர் அமெரிக்கக் கடவுச்சீட்டையோ குடியுரிமைச் சான்றிதழையோ காட்டினால் தானாகவே பதிவாகும். பழைய பென்சில்வேனியா உரிமத்தை மட்டும் கொடுத்து மாற்றிக்கொள்ள முடிந்தால், அவர் குடிமகன் என்பதற்கான சான்று எதுவும் கோப்பில் ஏறாது. அப்போது தானியங்கிப் பதிவும் நடக்காது. புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் பெரும்பாலும் நழுவிப்போவது இந்த இடத்தில்தான். உரிமம் எடுத்தபோது கிரீன் கார்டு. பிறகு சத்தியப்பிரமாணம் எடுத்துக் குடிமகனாகிவிட்டார். ஆனால் உரிமம் காலாவதியாகும் வரை டி.எம்.வி.யின் கணினிக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. எனவே அவர் எதற்கும் காத்திருக்காமல் மாநிலத்தின் இணையதளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. கொலராடோவில் தேர்தல் நாளன்றுகூடப் பதிவு செய்து வாக்களிக்க முடியும் என்றாலும், அங்கே வாக்குச்சீட்டு எல்லோருக்கும் அஞ்சலில் வருவதால், முன்கூட்டியே பதிவு செய்திருப்பதுதான் வசதி.

மகள் காத்திருக்க வேண்டியதில்லை. 16 வயதிலேயே முன்பதிவு செய்துகொள்ளலாம். 18 வயதாகும்போது அது முழுப் பதிவாகிவிடும்.

மறுமொழி 2

மேலே எழுதியவரின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அவருடைய முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை.

வாக்குரிமை என்பது ஒரு குடிமகன் தானே முன்வந்து ஏற்க வேண்டிய பொறுப்பு. நான் கார் ஓட்ட அனுமதி கேட்டுப் போனேன். அரசு என்னை ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டு, வேண்டாமென்றால் கடிதம் எழுது என்கிறது. பலர் அந்த அஞ்சலைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. விளம்பரக் காகிதங்களோடு சேர்ந்து அது குப்பைக்குப் போகிறது. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது வங்கியோ தொலைபேசி நிறுவனமோ செய்தால் நாம் கொதித்தெழுகிறோம். அரசு செய்தால் மட்டும் சீர்திருத்தம் என்று பாராட்டுகிறோம்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் வாக்காளர் பட்டியல் பெருமளவுக்கு வெளிப்படையானது. பெயர், முகவரி, கட்சிச் சார்பு, எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்ற விவரம் ஆகியவற்றைக் கட்சிகளும் பிறரும் பல மாநிலங்களில் கேட்டுப் பெற முடியும். கணவனின் கொடுமைக்கு அஞ்சி வீடு மாறிய ஒரு பெண், புதிய முகவரியில் உரிமம் எடுத்த காரணத்தாலேயே, அந்த முகவரி ஒரு பொதுப் பட்டியலில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். முகவரியை மறைத்துவைக்கும் பாதுகாப்புத் திட்டங்கள் உள்ளன என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவற்றைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்கும் நிலையிலா அவள் இருப்பாள்?

பதிவானவர்கள் எல்லோரும் வாக்களிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஓரிகனில் 2016ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில், தானாகப் பதிவானவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே வாக்களித்தனர். தாமாக முன்வந்து பதிவு செய்தவர்களின் விகிதம் அதைவிட மிக அதிகம். விருப்பமில்லாதவரைப் பட்டியலில் சேர்ப்பதால் பட்டியல்தான் நீள்கிறது. அதற்கு விலையாக, உங்களைப் போன்ற பச்சை அட்டைதாரர் ஒருவர் தூக்கம் தொலைக்கிறார். இணையத்தில் சில நிமிடங்களில் பதிவு செய்ய முடிகிற இக்காலத்தில் இதற்கு என்ன தேவை?

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சான்றிதழை எடுத்து வைக்கும்படி என் கணவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு துணைக் கேள்வி: குடியுரிமை இல்லாதவர்களுக்கும் கொலராடோவில் "நீங்கள் வாக்காளராகப் பதிவு செய்யலாம்" என்று அஞ்சல் அட்டை வந்ததாக இங்குள்ள ஓர் அம்மா சொன்னார். அது உண்மையா? எனக்கு அப்படி ஓர் அட்டை வந்தால், அதை நம்பிப் பதிவு செய்தேன் என்பது பின்னாளில் ஒரு காரணமாக ஏற்கப்படுமா?

மறுமொழி 3

அன்புச் சகோதரிக்கு, நான் எங்கள் ஊர் நூலகத்தில் குடியுரிமை விண்ணப்பங்களை நிரப்ப உதவும் தன்னார்வலர். வழக்கறிஞர் அல்லள், ஆகவே இதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாதீர்கள். ஆனாலும் இந்தக் கேள்வி எங்களிடம் அடிக்கடி வருவதால் சிலவற்றை உறுதியாகச் சொல்ல முடியும்.

அட்டை வந்தது உண்மைதான். 2022 அக்டோபரில் கொலராடோ மாநிலச் செயலர் அலுவலகம், தகுதியிருந்தும் பதிவு செய்யாதவர்களுக்கு என்று அனுப்பிய அஞ்சல் அட்டைகளில் ஏறத்தாழ 30,000, குடியுரிமை இல்லாத உரிமதாரர்களுக்குத் தவறுதலாகப் போய்விட்டன. டி.எம்.வி. பட்டியலோடு ஒப்பிட்டு நீக்க வேண்டிய பெயர்கள் கணினிக் குளறுபடியால் நீக்கப்படாமல் போனதே காரணம். அது பதிவு செய்யச் சொல்லும் அழைப்பு மட்டுமே. அதனால் யாருடைய பெயரும் தானாகப் பட்டியலில் ஏறவில்லை. உங்களுக்கு அப்படி ஓர் அட்டை வந்தால் பதிவு செய்யாதீர்கள். ஆனால் அட்டையை எறிந்துவிடாமல், வந்த தேதியை எழுதி எடுத்து வையுங்கள்.

அதை நம்பிப் பதிவு செய்தேன் என்பது காரணமாக ஏற்கப்படும் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். பதிவுப் படிவத்தில் "நான் அமெரிக்கக் குடிமகன்" என்ற உறுதிமொழியின் கீழ்தான் கையெழுத்திடுகிறோம். 1996ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு, குடிமகன் என்று பொய்யாக உரிமை கோருவதும், சட்டத்துக்கு மாறாக வாக்களிப்பதும் கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்தக்கூடிய குற்றங்கள் ஆகிவிட்டன. இவற்றுக்கு விலக்கு என்பது மிகக் குறுகலானது: பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருந்து, 16 வயதுக்கு முன்பிருந்தே இங்கே நிரந்தரமாக வாழ்ந்து, தானும் குடிமகன் என்று நியாயமாக நம்பியவருக்கு மட்டுமே அது பொருந்தும். நம்மைப் போல் பெரியவர்களாக வந்தவர்களுக்குப் பொருந்தாது. குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், எப்போதேனும் வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, வாக்களித்தீர்களா, அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லிக்கொண்டீர்களா என்று நேரடியாகவே கேட்பார்கள். நேர்காணலில் அதே கேள்வி மீண்டும் வரும்.

நீங்கள் எதுவும் செய்யாமல், அலுவலரின் பிழையால் பெயர் ஏறிவிட்டால் நிலைமை வேறு. தானியங்கிப் பதிவைக் கொண்டுவந்த மாநிலங்கள் பல இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கின்றன. எடுத்துக்காட்டாகக் கலிபோர்னியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம், தகுதியற்ற ஒருவர் தன் விருப்பமின்றி இந்த ஏற்பாட்டின் வழியே பதிவாகிவிட்டால், அவர் தவறிழைத்தவராகக் கருதப்பட மாட்டார் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இது மாநிலச் சட்டம்; குடியேற்றத் துறை கூட்டரசைச் சேர்ந்தது. ஆகவே அதை முழுக் கவசமாக எண்ணிவிடக் கூடாது. ஆனால் கையெழுத்திட்ட படிவமே இல்லாத இடத்தில், நீங்கள் பொய்யாக எதையும் கோரவில்லை என்று காட்டுவது எளிது. மேலே முதல் மறுமொழியில் சொன்ன இரண்டாம் வகை ஏற்பாடு நம்மவர்களுக்குப் பாதுகாப்பானது என்பதற்கு என் பார்வையில் இதுவே முதன்மையான காரணம்.

பதிவாகியிருப்பதாக அறிவிப்பு வந்தால், முதலில் அந்த அறிவிப்பில் உள்ள மறுப்புப் பகுதியை நிரப்பி அனுப்புங்கள்; அனுப்புவதற்கு முன் இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டி எழுத்தர் அலுவலகத்துக்கும் தனியே கடிதம் எழுதி, நீக்கப்பட்டதற்கான எழுத்துப்பூர்வமான பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். வாக்குச்சீட்டு வந்தால் அதைத் தொட வேண்டாம். பிறகு என்-400ஐ அனுப்புவதற்கு முன்பாகக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் அத்தனை தாள்களையும் காட்டுங்கள். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று எழுதிவிட்டால் போயிற்று என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அது மிகத் தவறானது. பிழை அலுவலருடையதாக இருக்கலாம்; ஆனால் படிவத்தில் எழுதும் பொய் உங்களுடையதாகிவிடும்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். குடியுரிமை பெற்றவுடன் சமூகப் பாதுகாப்பு (சோஷியல் செக்யூரிட்டி) அலுவலகத்திலும் தம் நிலையை மாற்றிப் பதிந்திருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாக்காளர் விவரங்களைச் சரிபார்க்கும்போது அந்தப் பதிவையும் பார்க்கிறார்கள். அது பழையதாகவே இருந்தால், முறையாகப் பதிவு செய்தவரிடமும் சான்று கேட்டுக் கடிதம் வர வாய்ப்புண்டு.

மறுமொழி 1ஐ எழுதியவர்

இரண்டாம் மறுமொழி எழுதிய நண்பருக்கு: முகவரி வெளியாவதைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் முழுமையாக ஏற்கிறேன். அத்தகைய பெண் ஒருவரின் பதிவைக் கையாளும்போது நாங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், அவர் கேட்டால்தான் மறைக்க முடியும் என்ற நிலையே பல இடங்களில் இருக்கிறது. உரிமம் கொடுக்கும் கவுன்டரிலேயே அந்தப் பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதும் என் கருத்து.

மற்றவற்றில் நான் வேறுபடுகிறேன். தானியங்கிப் பதிவு என்றதும் எல்லோரும் புதிதாகச் சேரும் பெயர்களைத்தான் எண்ணுகிறார்கள். எங்கள் மேசைக்கு வருபவற்றில் பெரும்பகுதி முகவரி மாற்றங்கள். வீடு மாறியவர்கள் உரிமத்தில் முகவரியை மாற்றுவார்கள்; வாக்காளர் பதிவில் மாற்ற வேண்டும் என்ற நினைப்பே பலருக்கு வருவதில்லை. வாக்குச்சீட்டை அஞ்சல் துறை பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பாது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்கு வந்து, "நான் 10 ஆண்டுகளாக வாக்களிப்பவன், என் பெயர் ஏன் இல்லை?" என்று கேட்டு நிற்பவர்கள் இவர்கள்தான். பட்டியல் தூய்மையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இந்த ஏற்பாட்டை வரவேற்க வேண்டும். இடம்பெயர்ந்தவரின் பழைய பதிவை நீக்குவதற்கு இதைவிட நம்பகமான செய்தி எங்களுக்கு வேறெங்கிருந்தும் வருவதில்லை.

பாதிக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர்களில் பலர், முன்பு பதிவே செய்யாதிருந்தவர்கள். அத்தனை பேரில் ஒரு கணிசமான பகுதி வாக்களித்திருக்கிறது என்றால், அவர்களைத் தடுத்தது விருப்பமின்மை மட்டுமே என்று எப்படிச் சொல்வது?

டி.எம்.வி.யின் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்பவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். தானியங்கிப் பதிவே இல்லாத டெக்சாஸ் மாநிலத்தில், 2019 சனவரியில், உரிமப் பதிவேட்டை வைத்து 95,000 வாக்காளர்களின் குடியுரிமையை ஐயத்துக்கு உள்ளாக்கினார்கள். உரிமம் எடுத்தபோது கிரீன் கார்டில் இருந்து பின்னர் குடிமக்களான ஆயிரக்கணக்கானோர் அப்பட்டியலில் இருந்தார்கள் என்பது சில நாட்களிலேயே வெளிவந்தது. வழக்குகள் தொடுக்கப்பட்டு, அந்த ஆண்டு ஏப்ரலில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. வர்ஜீனியாவில் 2024 தேர்தலுக்கு முன் ஏறத்தாழ 1,600 பெயர்கள் நீக்கப்பட்டு, உச்ச நீதிமன்றமும் அதை அனுமதித்தது. ஆனால் டி.எம்.வி. படிவத்தில் குடியுரிமைக் கட்டத்தைக் கவனக்குறைவாக நிரப்பிய, அல்லது வெற்றாக விட்ட குடிமக்களும் அவர்களிடையே இருந்தார்கள். டி.எம்.வி.யின் பதிவு நம்மைச் சேர்க்கவும் பயன்படுகிறது, நீக்கவும் பயன்படுகிறது. அதனால்தான் அந்தப் பதிவு சரியாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலை முதலில் எழுதத் தவறிவிட்டேன். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெற்றாக இருந்தால், விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயராக ஏற்றி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று போட்டுவிடுவார்கள், முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதைப் பார்த்து உரிமத்திலும் அப்படியே ஏற்றுவார்கள். வேறு சிலருக்குத் தந்தையின் பெயர் கடைசிப் பெயராகவும், சமூகப் பாதுகாப்பு அட்டையில் அதுவே நடுப்பெயராகவும் இருக்கும். குடியுரிமை பெறும்போது பலர் பெயரைச் சீராக்கிக்கொள்கிறார்கள். ஆனால் பழைய பதிவுகள் பழையபடியே கிடக்கின்றன. 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, புதிய வாக்காளரின் விவரத்தை உரிம எண்ணோடோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களோடோ ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஜார்ஜியாவில், 2018 தேர்தலுக்கு முன் 53,000 விண்ணப்பங்கள் நிலுவையில் நின்றன. உங்கள் கணவரின் குடியுரிமைச் சான்றிதழ், கடவுச்சீட்டு, சமூகப் பாதுகாப்பு அட்டை, புதிய உரிமம் ஆகிய நான்கிலும் பெயர் ஒரே வரிசையில், ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று டி.எம்.வி.க்குப் போவதற்கு முன்பே மேசைமேல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் முதலில் திருத்திக்கொண்டு, பிறகு உரிமத்துக்குச் செல்லுங்கள். டி.எம்.வி. சமூகப் பாதுகாப்பு எண்ணை அந்த அலுவலகத்தின் பதிவோடுதான் சரிபார்க்கும்.

கட்சிச் சார்பைப் பற்றியும் ஒரு சொல். தானாகப் பதிவாகிறவர் எக்கட்சியையும் சாராதவராகவே பதிவாவார். நீங்கள் வாழ்ந்த பென்சில்வேனியாவில் அப்படி இருந்தால் முதனிலைத் தேர்தலில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியாது. கொலராடோவில் 2016இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த மாற்றத்தால், சார்பற்றவருக்கு இரு பெரிய கட்சிகளின் முதனிலை வாக்குச்சீட்டுகளும் அஞ்சலில் வரும். அவற்றில் ஒன்றை மட்டும் நிரப்பி அனுப்ப வேண்டும். இரண்டையும் அனுப்பினால் இரண்டுமே எண்ணப்படாது. முதன்முறை வாக்களிப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவது உண்டு என்பதால், உங்கள் கணவரிடமும் மகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.